நாய்த்தீனிப் பையில் ‘சாம்பல் 9 சதவீதம்’ என்று ஏன் போட்டிருக்கிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டில் ஒன்பது மாத லாப்ரடார் குட்டி இருக்கிறது. தினமும் போடும் தீனிப் பையின் பின்பக்கத்தை ஒரு நாள் உட்கார்ந்து படித்திருக்கிறார். தானியங்களும் தானியத் துணைப்பொருள்களும், கோழியும் கோழித் துணைப்பொருள்களும், மக்காச்சோள குளூட்டன் மீல், சோயா, பீட் பல்ப், பிஎச்ஏ, கீழே ஒரு கட்டத்தில் புரதம் 24, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 9 சதவீதம். இதைப் பார்த்த மச்சான், “கறிக்கடைக் கழிவையும் அடுப்புச் சாம்பலையும் கலந்து விக்கிறானுங்க, பேசாம சோறும் கோழிக்கறியும் போடு” என்று சொல்லிவிட்டாராம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டிருக்கிறார். ஆனால் கேள்விக்கு அடியில் இருப்பது, இத்தனை மாதமாகக் குட்டிக்குக் கெடுதல் செய்துவிட்டோமோ என்ற பயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் நாய்க்கு விஷமாகும் பொருள் எதுவும் இல்லை. மச்சான் சொல்லும் சோறும் கோழியும்தான் வளரும் குட்டிக்குக் கூடுதல் ஆபத்து. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, காட்பாடிப் பக்கம் 22 வருடமாக நாய், பூனை, ஆடு, மாடு எல்லாம் பார்க்கிறேன். தீனிக் கம்பெனி எதிலும் நான் வேலை பார்த்ததில்லை. எந்தக் கம்பெனித் தீனியையும் என் கிளினிக்கில் விற்பதும் இல்லை.

சாம்பலிலிருந்தே தொடங்கலாம். மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்கிறார். யாரும் தீனியில் சாம்பலைக் கொட்டிக் கலப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் தீனியில் கொஞ்சம் எடுத்து எடை போட்டு, உலையில் 550, 600 டிகிரிச் சூட்டில் எரிப்பார்கள். மாவு, கொழுப்பு, புரதம் எல்லாம் எரிந்து போய்விடும். எரியாமல் மிஞ்சுவது சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், உப்பு, இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்கள். அந்த மிச்சத்தின் எடைக்குத்தான் சாம்பல் என்று பெயர். உங்கள் வீட்டுக் கேழ்வரகு மாவை எரித்தாலும் சாம்பல் கிடைக்கும். சாம்பலே இல்லாத தீனி இருந்தால் அதில் எலும்புக்கு வேண்டியது ஒன்றுமே இல்லை என்று பொருள். உலர்ந்த தீனியில் 6 முதல் 10 சதவீதம் வரை வழக்கமாகப் பார்ப்பதுதான். அதற்கு மேல் ஏறினால், இறைச்சியைவிட எலும்பை அதிகமாக அரைத்திருக்கிறார்களோ என்று நான் யோசிப்பேன். 9 என்பதற்குக் கவலை வேண்டாம்.

அடுத்தது துணைப்பொருள்கள். இந்தச் சொல்தான் எல்லாரையும் முகம் சுளிக்க வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊர் ஆட்டுக்கறிக் கடையில் நின்று பாருங்கள். ஈரல் முதலில் தீர்ந்துவிடும். சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று முந்தின நாளே சொல்லி வைத்திருப்பார்கள். போட்டி, தலைக்கறி, கால், ரத்தம் எதையும் நாம் விடுவதில்லை. தீனிக் கம்பெனிக் கணக்கில் இவை எல்லாமே துணைப்பொருள்கள்தான். தொடைக்கறி, நெஞ்சுக்கறி தவிர மீதி இருக்கும் உறுப்புகளுக்கு அவர்கள் வைத்த பொதுப்பெயர் அது. அமெரிக்காவில் தீவன விதிகளை வகுக்கும் ஆஃப்கோ என்ற அமைப்பின் விளக்கப்படி, கோழித் துணைப்பொருளில் தலை, கால், குடல், கருமுட்டை எல்லாம் வரலாம்; இறகு வரக்கூடாது. ஈரலில் இருக்கும் அளவுக்கு வைட்டமின் ஏ, இரும்பு, பி வைட்டமின்கள் நெஞ்சுக்கறியில் கிடையாது. நாய் வேட்டையாடித் தின்ற காலத்தில் முதலில் வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதைத்தான் தின்றிருக்கும். ஆகவே கழிவு என்று மச்சான் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒரு சந்தேகத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்: துணைப்பொருள் என்று மொத்தமாகப் போட்டால், இந்த மாதம் ஈரல் அதிகமா, கால் அதிகமா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. நல்ல கம்பெனி ஒவ்வொரு லோடையும் சோதித்துச் சரிக்கட்டும். மற்றவர்கள் கிடைத்ததைப் போடுவார்கள். பையின் மேல் இரண்டும் ஒரே சொல்லாகத்தான் தெரியும்.

பட்டியலில் பெயர்கள் இருக்கும் வரிசையை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கலக்கும்போது எந்தப் பொருளின் எடை அதிகமோ அது முதலில் வரும். இங்கே எடை என்பது தண்ணீரையும் சேர்த்துத்தான். பச்சைக் கோழிக்கறியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். ஒரு கலவையில் 30 கிலோ பச்சைக் கோழியும் 25 கிலோ அரிசியும் போட்டால் கோழி முதலிடத்தில் நிற்கும். அடுப்பில் ஏறி உலர்ந்து வந்த பிறகு அந்தக் கோழியில் மிஞ்சுவது 9 கிலோதான். அரிசியிலோ 22 கிலோ அப்படியே இருக்கும். ‘சிக்கன் மீல்’ என்று போட்டிருந்தால் அது வேறு சரக்கு. கோழியை வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, நீரை வற்றவைத்து அரைத்த தூள். பச்சை மீனுக்கும் கருவாட்டுக்கும் இருக்கும் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கோழியில் புரதம் 20 சதவீதத்துக்குள் என்றால் இந்தத் தூளில் 65 வரை வரும். ‘முதல் பொருளே நிஜக் கோழி’ என்று பெரிய எழுத்தில் போட்ட பையைவிட, சிக்கன் மீலை இரண்டாவதாகப் போட்ட பையில் கோழிச் சத்து அதிகமாக இருக்கவும் கூடும்.

வரிசையில் இன்னொரு வித்தை உண்டு. அரிசி, நொய், அரிசித் தவிடு என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் மூன்றும் தனித்தனியாகக் கீழே இறங்கிவிடும், கோழி மேலே ஏறிவிடும். மூன்றையும் கூட்டினால் அரிசிதான் முதலிடம். வெளிநாட்டுப் பைகளில் ‘ப்ரூவர்ஸ் ரைஸ்’ என்று ஒரு பெயர் வரும். ஏதோ சாராய ஆலைச் சமாச்சாரம் என்று ஒரு அம்மா பதறிப்போய் வந்தார்கள். அது நம் ஆரணி மில்லில் சலித்து ஒதுக்கும் அதே நொய். நாமும் காய்ச்சலில் அந்தக் கஞ்சியைத்தான் குடிக்கிறோம்.

அப்புறம், பட்டியலில் உப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தீனியில் உப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கு உள்ளேதான் சேர்ப்பார்கள். அதற்குப் பின்னால் வரும் எதுவும் அதைவிடக் குறைவு. பையின் முன்பக்கத்தில் கேரட், கீரை, மஞ்சள், ப்ளூபெர்ரி எல்லாம் வண்ணப் படமாகச் சிரிக்கும். பின்பக்கத்தில் அவை உப்புக்குக் கீழே இருக்கும். பத்துக் கிலோப் பைக்கு ஒரு கைப்பிடி கூடத் தேறாது. அந்தப் படத்துக்காக நீங்கள் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். வைட்டமினும் துத்தநாகம் மாதிரித் தாதுக்களும் உப்புக்குக் கீழே வந்தால் அது சரி, அவை மில்லிகிராம் கணக்கில்தான் வேண்டும். பட்டியலின் கடைசியில் வாயில் நுழையாத பெயர்கள் வரிசையாக வருகிறதே, அவற்றில் முக்கால்வாசி இந்த வைட்டமினும் தாதுவும்தான். ‘பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு’ என்பது பி6. ‘ஆல்ஃபா டோகோஃபெரால்’ என்பது வைட்டமின் ஈ.

மக்காச்சோள குளூட்டன் மீல் என்பது சோளத்திலிருந்து மாவுச் சத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் புரதம். 60 சதவீதம் புரதம் அது. விலை மலிவு என்பதால் சேர்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வெறும் நிரப்புப் பொருள் என்று சொல்வது தவறு. அதில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, மெத்தியோனின் நிறைய. சோயாவில் நேர் எதிர். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். இட்லிக்கு அரிசியோடு உளுந்து போடுகிறோமே, அதே கணக்கு. பீட் பல்ப் என்பது பீட்ரூட் வகையைச் சேர்ந்த சர்க்கரை பீட் கிழங்கிலிருந்து சர்க்கரையை எடுத்த பின் மிஞ்சும் நார். அம்முண்டி ஆலையில் கரும்பைப் பிழிந்ததும் சக்கை விழுவது போல என்று சொல்லலாம், ஆனால் இது மிருதுவானது, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்கு உணவாகிறது, மலம் கெட்டியாக வர உதவுகிறது. சர்க்கரை அதில் மிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம்.

நாய் ஓநாய் வம்சம், அதற்குத் தானியமே ஆகாது என்று யூடியூபில் பேசுகிறார்கள். 2013இல் நேச்சர் இதழில் வந்த ஒரு மரபணு ஆய்வு இதற்கு நல்ல பதில். மாவுச் சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாயிடம் அது பல மடங்கு பெருகியிருக்கிறது. மனிதனோடு சேர்ந்து சோறும் ரொட்டியும் தின்று பழகியதன் தடம் அது. வடாற்காடு கிராமத்தில் களியும் கூழும் குடித்து வளர்ந்த நாய்களைப் பார்த்த எவருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. சமைத்த மாவை நாய் நன்றாகவே செரிக்கும், இது உறுதி.

‘கிரெய்ன் ஃப்ரீ’ என்று தானியம் இல்லாத தீனி அதிக விலைக்கு வந்தபோது நானும் தோல் அரிப்பு நாய்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை விட்டது. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை முக்கியப் பொருளாகக் கொண்ட தீனி தின்ற நாய்களில் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் வருவதாகத் தகவல்கள் வந்தன. இதய நோய்க்குப் பரம்பரை வாய்ப்பு அதிகம் இல்லாத இனங்களிலும் வந்ததுதான் கவலை தந்தது. தீனிதான் காரணம் என்று இன்று வரை நிரூபணம் ஆகவில்லை. புதிய, பொருட்படுத்தத்தக்க ஆதாரம் வந்தால்தான் இனிப் பேசுவோம் என்று 2022 கடைசியில் எஃப்டிஏயும் நிறுத்திக்கொண்டது. இது தீராத சந்தேகம். தானியத்தை விலக்குவதால் பெரும்பாலான நாய்களுக்கு லாபம் இல்லை, நஷ்டம் இருக்கலாம் என்ற நிலையில் நான் அதை எழுதித் தருவதை நிறுத்திவிட்டேன்.

கட்டத்தில் இருக்கும் புரத எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். கறியும் நைட்ரஜன் தரும், தோலும் இறகும் கூடத் தரும். 2007இல் இதைப் பயன்படுத்தி ஒரு பெரிய மோசடி நடந்தது. சீனாவிலிருந்து அமெரிக்கத் தீனித் தொழிற்சாலைகளுக்குக் கோதுமைக் குளூட்டன் என்ற பெயரில் போன சரக்கில், புரதம் அதிகம் என்று காட்ட மெலமைன் என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருளைக் கலந்துவிட்டார்கள். அதில் நைட்ரஜன் ஏராளம், சத்து பூஜ்யம். சிறுநீரகத்தில் படிகம் கட்டி நாய்களும் பூனைகளும் செத்தன. பட்டியலில் ‘கோதுமைக் குளூட்டன்’ என்றுதான் இருந்தது. அதனால்தான் பெயர்களை மட்டும் படித்து ஒரு தீனியை நல்லது, கெட்டது என்று என்னால் சொல்லிவிட முடிவதில்லை.

டப்பாவில் வரும் ஈரத் தீனியில் புரதம் 8 சதவீதம் என்று பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதில் 78 சதவீதம் தண்ணீர். மீதி 22இல் 8 என்றால், உலர் கணக்கில் 36. உங்கள் பையில் ஈரம் 10, மீதி 90இல் புரதம் 24, உலர் கணக்கில் ஏறக்குறைய 27. வளரும் குட்டிக்கு ஆஃப்கோ கேட்கும் குறைந்த அளவு உலர் கணக்கில் புரதம் 22.5, கொழுப்பு 8.5. உங்களுடையது இரண்டையும் தாண்டுகிறது. மாவுச் சத்து எவ்வளவு என்று பையில் போடமாட்டார்கள். நீங்களே கணக்குப் பண்ணலாம். 24, 10, 4, 9, 10 எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் 43. உலர்ந்த உருண்டைத் தீனிக்கு இது சாதாரணம். மாவு இல்லாமல் அந்த உருண்டை உருவமே பிடிக்காது.

பிஎச்ஏ என்பது கொழுப்பு காறிப்போகாமல் காக்கும் பொருள். எலிகளுக்கு மிக அதிக அளவில் கொடுத்தபோது முன்வயிறு என்ற பகுதியில் புற்றுநோய் வந்தது உண்மை. நாய்க்கும் மனிதனுக்கும் அந்த முன்வயிறு கிடையாது. தீனியில் சேர்க்க அனுமதித்திருக்கும் அளவும் அந்தச் சோதனை அளவுக்கு அருகில் கூட வராது. எத்தாக்சிக்வின் என்ற இன்னொரு பொருளை 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் தீவனத்தில் நிறுத்தி வைத்தது. பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தால் வேறு தீனிக்குப் போகலாம் என்பது என் கருத்து. வைட்டமின் ஈ, ரோஸ்மேரிச் சாறு ஆகியவற்றால் காக்கும் தீனிகளும் உண்டு. மனதுக்கு நிம்மதி என்றால் அதை வாங்குங்கள். ஆனால் அவை பிஎச்ஏ அளவுக்கு நாள் தாங்காது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் 20 கிலோப் பையை வாங்கிப் பிரித்து வைத்துவிட்டு இரண்டு மாதம் போட்டால், ‘இயற்கை’ என்று போட்ட தீனி காறிப்போயிருக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறம் போட்ட உருண்டைகள் வாங்குகிறவருக்காகச் செய்தவை. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நிறம் இல்லாததையே வாங்குங்கள்.

நான் நிஜமாகவே பயப்படுவது பட்டியலில் எழுதாத ஒரு பொருளுக்கு. பூஞ்சை விஷம், அதாவது அஃப்ளாடாக்சின். நிலக்கடலை விளையும் சீமை இது, கடலைப் பிண்ணாக்கில் பச்சைப் பூஞ்சை பிடித்தால் மாட்டுக்கு வைக்கக்கூடாது என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். மக்காச்சோளத்திலும் அதே பூஞ்சை வரும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று மக்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதே வீடுகளில் அதே ரொட்டியைத் தின்ற நாய்களும் வயிறு வீங்கிச் செத்தன. நாயின் ஈரல் இந்த விஷத்தைத் தாங்காது. வேகவைத்தாலும் அது முழுசாக அழியாது. 2005இலும் 2020இலும் அமெரிக்காவிலேயே தீனி வழியாக நாய்கள் இதனால் இறந்திருக்கின்றன. கம்பெனி ஒவ்வொரு லோடு சோளத்தையும் சோதித்துத்தான் இறக்க வேண்டும். அதற்கு அப்புறம் கடையிலும் வீட்டிலும் ஈரம் படாமல் காப்பது நம் பொறுப்பு.

அதனால் உதிரியாக எடை போட்டு விற்கும் தீனியை வாங்காதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன். சாக்கைப் பிரித்து வாசலில் வைத்து, கிலோ கணக்கில் பாலிதீன் பையில் கட்டித் தரும் கடைகள் நம் பக்கத்தில் நிறைய. அதில் தயாரித்த மாதம் தெரியாது, எந்த நாய்க்கு, எந்த வயதுக்கு என்று தெரியாது. இரண்டு வருடம் முன்பு ஒரு மழைக்காலத்தில், சத்துவாச்சாரியிலிருந்து ஒரு குடும்பம் மூன்று வயது பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு நாளாகச் சாப்பாடு இல்லை, வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சள். தீனியைக் கொண்டுவரச் சொன்னேன். பாலிதீன் பை. முகர்ந்ததுமே காறல் வாடையோடு ஒரு மக்கிய வாடை. குளுகோஸ் ஏற்றி, ஈரலுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தோம். ஆறாம் நாள் போய்விட்டது. தீனிதான் காரணம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. உண்ணிக் காய்ச்சலிலும் எலிக்காய்ச்சலிலும் இதே மஞ்சள் வரும், மிச்சத் தீனியைச் சோதனைக்கு அனுப்பலாம் என்பதற்குள் வீட்டில் அதைக் கொட்டிவிட்டிருந்தார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைச் சோதிக்கத் தனி ஆய்வுக்கூடமே இருக்கிறது. சந்தேகம் வந்தால் தீனியைக் கொட்டாமல் அரைக் கிலோவாவது கட்டி வையுங்கள்.

அரசு கண்காணிக்காதா என்று கேட்பீர்கள். 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே விலங்குத் தீவனத்தை விலக்கி வைத்திருக்கிறது. நம் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு இருக்கும் கெடுபிடி நாய்த்தீனிக்கு இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு நாய், பூனைத் தீனிக்கென்று ஐஎஸ் 11968 என்ற தர அளவு வைத்திருக்கிறது; அந்த முத்திரை போட்ட பையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே பொருள் பட்டியலைவிட நான் முதலில் தேடுவது வேறொரு வரி. ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று ஆஃப்கோ அளவுக்கோ, ஐரோப்பிய ஃபெடியாஃப் அளவுக்கோ பொருந்துவதாகப் போட்டிருக்கிறதா, அது எந்த வயதுக்கு என்று பார்ப்பேன். ஆஃப்கோ யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. அவர்கள் வகுத்த அளவுக்குச் செய்திருக்கிறோம் என்று கம்பெனி தானே சொல்லிக்கொள்கிறது. இருந்தாலும் அந்த வரி கூட இல்லாத தீனியை முழுச் சாப்பாடாகப் போடக்கூடாது. உங்கள் லாப்ரடார் வளர்ந்தால் 30 கிலோவுக்கு மேல் போகலாம். அதற்கு ‘வளர்ச்சிக் காலம், பெரிய இன நாய்கள் உட்பட’ என்று போட்ட தீனிதான் வேண்டும். ‘அடல்ட்’ என்று மட்டும் இருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

இப்போது மச்சானின் சோறும் கோழியும். அவர் அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் இதன் விளைவை என் மேசைமேல் பலமுறை பார்த்துவிட்டேன். ஆற்காடு பக்கத்திலிருந்து ஐந்து மாத ராட்வைலர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முன்கால் இரண்டும் வில் மாதிரி வளைந்து, மணிக்கட்டைத் தரையில் ஊன்றி நடந்தது. தினம் அரைக் கிலோ எலும்பில்லாத கோழி, வெள்ளைச் சோறு, தயிர் ஒரு கரண்டி. வீட்டார் தங்கள் சாப்பாட்டைவிட அதற்குத்தான் அதிகம் செலவழித்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு கண்ணாடி மாதிரி தெரிந்தது. எலும்பு நீக்கிய கறியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்பு அதில் 15, 20இல் ஒரு பங்குதான். நாய்க்கு வேண்டியதோ சுண்ணாம்பு பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரண்டு மடங்கு வரையோ. உடம்பு அந்தக் குறையை ஈடுகட்ட எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவி எடுக்கும். அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது, ஒரு கால் மட்டும் கடைசி வரை முழுசாக நேராகவில்லை. கலிஃபோர்னியாவில் வீட்டுச் சமையல் குறிப்புகள் 200ஐச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள்; 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் உண்டு. வீட்டுச் சமையலே கூடாது என்று நான் சொல்லவில்லை. வளர்ந்த நாய்க்கு, கணக்குப் போட்டு, தாதுக் கலவை சேர்த்து நன்றாகச் செய்யலாம். ஒன்பது மாதக் குட்டிக்குக் கண்ணளவில் செய்யாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முழுமையான குட்டித் தீனி போட்டுக்கொண்டே, மெடிக்கலில் கால்சியம் டானிக் வாங்கித் தினமும் ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். பெரிய இனக் குட்டிக்குச் சுண்ணாம்பு மிகுந்தாலும் எலும்பும் மூட்டும் கோணலாகும். நீங்களும் ஊற்றிக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஆம்பூர் பிரியாணி மிச்சத்தையும் நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

தோல் பதனிடும் ஊர்களான பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் உறவு இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நாய் கடிக்கக் கடையில் விற்கும் தோல் எலும்பு, மாட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி இரண்டாகப் பிளந்து, கீழ் அடுக்கில் செய்வது. குரோம் போடாத தோல் அது. பெரிய துண்டாக விழுங்கினால் அடைத்துக்கொள்ளும் என்பதால் கண் முன்னால் மட்டும் கொடுங்கள். டேனரியில் மிஞ்சிய துண்டு என்று யாராவது சும்மா கொடுத்தால் வாங்காதீர்கள். பதனிட்ட துண்டில் குரோமியம் இருக்கும், பதனிடாததில் கட்டி கட்டியாக உப்பு இருக்கும். இரண்டும் நாய்க்குக் கெடுதல்.

குட்டி லேசாகச் சொறிகிறது என்றும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். பார்க்காமல் இதற்குப் பதில் சொல்வது சரியாக இருக்காது. நம் ஊரில் சொறிக்கு முதல் காரணம் உண்ணி, தெள்ளு, ஈரத்தில் வரும் பூஞ்சை. அவற்றைத் தீர்த்த பிறகும் சொறிந்தால்தான் தீனியைச் சந்தேகிக்க வேண்டும். உணவு ஒவ்வாமையில் அதிகம் அகப்படுவது மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. ரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடிக்கிறோம் என்று யாராவது சொன்னால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். இதுவரை தின்னாத ஒரே புரதத்தை எட்டு வாரம் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அந்த எட்டு வாரத்தில் ஒரு பிஸ்கட் கூடக் கூடாது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பெரிய இனக் குட்டிக்கான வரி பையில் இருந்தால் அதையே ஒரு வயது தாண்டி, 15 மாதம் வரை தொடருங்கள். மாற்றுவதாக இருந்தால் ஏழு, எட்டு நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே வாருங்கள், ஒரே நாளில் மாற்றினால் பேதி ஆகும். மாதம் ஒருமுறை எடை போடுங்கள், கையை வைத்தால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், பார்த்தால் துருத்தித் தெரியக்கூடாது. ஒரு மாதத்தில் தீரும் அளவுப் பையாக வாங்குங்கள். தீனியை பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டாமல், பையோடு டப்பாவுக்குள் இறக்கி வாயை மடித்துக் கிளிப் போட்டு வையுங்கள். கொட்டினால் டப்பாச் சுவரில் ஒட்டும் பழைய கொழுப்பு காறி, புதுத் தீனியையும் கெடுக்கும். பேட்ச் எண்ணும் தேதியும் பையோடு குப்பைக்குப் போய்விடும். அடுத்த தடவை கேள்வி கேட்கும்போது அந்த எண்ணோடு, எந்த வயதுக்கு என்று எழுதியிருக்கும் வரியையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.